பயந்தவன் போட்ட சைக்கிள் பாதை

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை சாப்பிடக் கிடைக்கவில்லை. மகள் மதி அதன் மேல் கடை பரப்பியிருந்தாள். சுருட்டிய கூடாரம், படுக்கிற பை, கைப்பிடி அறுத்த பல் பிரஷ், பாதியாக வெட்டிய துண்டு, சட்டைக் காலர்களில் இருந்து பிய்த்தெடுத்த துணி லேபிள்கள். நடுவில், இட்லிக்கு உளுந்து நிறுக்கிற தராசு. ஒவ்வொரு சாமானையும் அதில் வைத்து, எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, இன்னும் எதில் கை வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"இத வெச்சுப் பல்லு விளக்கவா, காது குடையவா?" என்று என் மனைவி சாந்தி அந்த அரைப் பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டினாள்.

மதிக்குப் பதினாறு வயது. கோடை விடுமுறைக்கு இரண்டு தோழிகளோடு ரைன் ஆற்றோரமாகவே சைக்கிளில் ஜெர்மனிக்குள் போகிறாள். நாங்கள் நெதர்லாந்துக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இங்கே பிள்ளைகள் நடக்கப் பழகியதும் சைக்கிள் ஏறிவிடுகிறார்கள். போகட்டும் என்று விட நாங்களும் பழகிக்கொண்டோம். வரைபடத்தை விரித்து, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம், எங்கே தண்ணீர், எங்கே ஏற்றம், எங்கே தங்கல் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தவள் திடீரென்று நிமிர்ந்து கேட்டாள்.

"அப்பா, இதுல நமக்கு ஆகாத ஊரு எதாச்சும் இருக்கா?"

"அங்கல்லாம் அப்படி ஒண்ணும் கிடையாது பாப்பா" என்றேன். சாந்தி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போன வருஷம் வரை இப்படி ஒரு கேள்வி உண்டென்பதே மதிக்குத் தெரியாது. அது அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்பதுதான் பதினோரு வருஷமாக என் பயம். லாரி, பாம்பு பயமெல்லாம் அப்புறம்தான். அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தது போன மார்கழியில் ஒரே பகலில் கையை விட்டுப் போய்விட்டது. அதைத்தான் எழுதுகிறேன். இரண்டு ஊர்ப் பெயர்களை மட்டும் எழுத மாட்டேன். ஒன்று என் ஊர். இன்னொன்று நாங்கள் போய்ச் சேர்ந்த ஊர். எழுதினால், நான் யார், அவர்கள் யார் என்று கோவில்பட்டிப் பக்கத்து வாசகர்கள் அடுத்த வரிக்குப் போகுமுன் கண்டுபிடித்துவிடுவீர்கள். உங்களைத் தெரியாதா எனக்கு?

2

தொண்ணூறுகளின் நடுவில், சாதிக் கலவரக் காலத்தில், நான் தூத்துக்குடியில் ஒரு தொழிற்சாலையில் பம்பு பழுதுபார்க்கிற வேலையில் இருந்தேன். தினமும் ஊரிலிருந்து பஸ். ஒரு நாள் சாயங்காலம் பஸ்ஸை மறித்து ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒவ்வோர் ஆம்பிளையிடமும் நின்று நிதானமாக ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்கள்: "எந்த ஊரு?"

அந்தக் காலத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னால் மிச்சத்தை அவர்களே தெரிந்துகொள்வார்கள். எனக்கு முன் சீட்டில் இருந்தவர் சொன்ன ஊர் அவர்களுக்குச் சரிப்படவில்லை. சட்டையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனார்கள். என் முறை வந்தபோது நான் கேட்டவனின் முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "தூத்துக்குடி அண்ணாச்சி, டவுன்தான்" என்றேன். விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மூன்று செம்புத் தண்ணீர் குடித்தும் நாக்கு நனையவில்லை.

அன்றிலிருந்து யார் ஊரைக் கேட்டாலும் முதலில் கேட்டவர் முகத்தைப் பார்ப்பேன், பிறகுதான் வாய் திறப்பேன். அடுத்த வருஷம் இங்கே வேலை கிடைத்தது. மதிக்கு அப்போது ஐந்து வயது. சம்பளத்துக்காக வந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது பாதி.

3

கோவில்பட்டியிலிருந்து கடல்வரை அப்பாவும் மகளுமாகச் சைக்கிளில் போகலாம் என்று சொன்னதே நான்தான். மதி வீட்டில் தமிழைக் கேட்டு டச்சில் பதில் சொல்லத் தொடங்கியிருந்தாள். ஊர் என்றால் அவளுக்குப் பெரியப்பா வீட்டு மொட்டை மாடியும் கொசுவர்த்தியும்தான். சைக்கிள் என்று சொன்னால் வருவாள் என்று தெரியும், வந்தாள்.

ஆனால் திட்டம் போடுவதில் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவே இல்லை. இரண்டு வேலைக்கு உதவாத சாமான் வேண்டாம் என்பது அவள் கட்சி. மழைச் சட்டைதான் ராத்திரிக்குப் போர்வை, துண்டுதான் தலையணை. சைக்கிளும் அப்படியே: மெல்லிய டயர், டயரை ஒட்டி விரல்கூட நுழையாத பிளாஸ்டிக் மட்கார்டு. நானோ அவள் தூங்கினபிறகு பையில் ஒவ்வொன்றாகச் செருகுவேன். உபரி டியூப் நான்கு, டார்ச் இரண்டு, கயிறு, காயத்துக்குக் கட்டுகிற துணி, நாய்க்குக் காட்ட ஒரு கம்பு. காலையில் தராசில் பையை ஏற்றிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்து வரிசையாக அடுக்கிவைத்திருப்பாள்.

"அப்பா, இதெல்லாம் எதுக்கு? நாம போறது உங்க ஊருக்குத்தானே?"

அதனால்தான் பாப்பா என்றா சொல்ல முடியும்?

விசா விஷயம் தனிக் கூத்து. மதியின் பாஸ்போர்ட் இந்த நாட்டுடையது, அப்பன் பிறந்த இடத்துக்குப் போக விசா வேண்டும். அப்பா பிறந்த ஊர் என்று கேட்ட இடத்தில் பழக்கதோஷத்தில் கோவில்பட்டி என்று எழுதிவிட்டேன். என் பாஸ்போர்ட்டிலோ கிராமத்துப் பெயர் இருக்கிறது. இரண்டும் பொருந்தவில்லை என்று தூதரகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு நாள் லீவு போட்டு, ரயிலேறிப் போய், கிராமத்துப் பெயரை எழுதிக் கொடுத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் அதைச் சத்தமாக வாசித்தபோது பக்கத்து வரிசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அங்கே ஒரு டச்சுக் கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

4

கோவில்பட்டியில் அண்ணன் வீடு. அவர் தீப்பெட்டி ஆபீசில் கணக்குப் பார்க்கிறார். கலவரத்துக்குப் பிறகு கிராமத்தை விட்டு டவுனுக்கு வந்தவர்.

"ஏலே, காசு செலவழிச்சு ஏரோப்ளேன்ல வந்து, இங்கன இருந்து சைக்கிள்லயா போவீய? கவர்மெண்டு பஸ்ஸு என்ன செத்தா போச்சு?" என்று வரவேற்றார்.

காற்றடிக்கப் பக்கத்து சைக்கிள் கடைக்குப் போனோம். எங்கள் டியூபின் வால்வு ஊசிபோல இருக்கும். அதற்குக் கடைக்காரரின் பம்பு சேரவில்லை. மதி தன் கையளவு பம்பை எடுத்து அவளே அடிக்க, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். கடைக்காரர் கேட்டார்:

"எந்த ஊரு பாப்பா?"

கேள்வி முடியவில்லை, மதி எங்கள் கிராமத்தின் பெயரைக் கணீரென்று சொன்னாள். தாத்தா பெயரையும் சேர்த்துச் சொன்னாள். பெஞ்சில் இரண்டு தலைகள் திரும்பின. ஒன்றுமே நடக்கவில்லை. கடைக்காரர், "அப்படியா, நல்லது" என்று சொல்லிவிட்டு வேறு சைக்கிளைப் பார்க்கப் போனார். எனக்குத்தான் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அன்று சாயங்காலம் மதி குளிக்கப் போன நேரத்தில் அண்ணனும் நானும் வரைபடத்தைத் தரையில் விரித்தோம். பசுவந்தனை, ஓட்டப்பிடாரம், புதியம்புத்தூர், தூத்துக்குடி என்று அவள் பென்சில் கோடு போட்டிருந்தாள். நிழலும் தண்ணீரும் கிடைக்கிற வழி. ஓட்டப்பிடாரத்துக்கு முன்னால் அந்தக் கோடு எங்களுக்கு ஆகாத ஓர் ஊருக்கு நடுவே போனது. அண்ணன் அந்தப் புள்ளியில் விரலை வைத்தார்.

"இதுக்குள்ள கூடியா போறீய?"

"இப்பயும் அப்படியா இருக்கு?"

"இப்ப ஒண்ணும் இல்ல. பஸ்ஸு ஓடுது, பிள்ளைக பள்ளிக்கூடம் போவுது. ஆனா..."

அந்த 'ஆனா'வை அவரும் முடிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஊருக்கு முன்னாலேயே தார்ரோட்டை விட்டு இறங்கி, காட்டுக்குள் ஓடையோரமாக வண்டிப்பாதையில் போய், ஊரைத் தாண்டி மறுபடி ரோட்டில் ஏறலாம் என்று அண்ணன் சொன்னார். "கோடையில ஜீப்பே போவும்" என்றார். நடப்பது மார்கழி என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தும் பேனாவை எடுத்து மதியின் கோட்டுக்குப் பக்கத்தில் வளைத்து ஒரு கோடு போட்டேன். அவள் வந்து கேட்டபோது, அந்தப் பக்கம் மயில் நிறைய வரும் என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

5

மறுநாள் விடிகாலை கிளம்பியபோதே மேகம் கட்டியிருந்தது. வாடைக்காற்று முகத்தில் அடித்தது. கரிசலில் பிறந்தவன் வானம் கறுத்திருக்கும்போது சக்கரத்தைக் காட்டில் இறக்க மாட்டான். மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூட அது தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஊரின் தண்ணீர்த் தொட்டி தூரத்தில் தெரிந்ததும் கை தானாகத் திரும்பிவிட்டது. மழையா, அந்த ஊரா என்று மனசு கேட்டது. மழையே பரவாயில்லை என்று இறங்கினேன்.

இரண்டு பக்கமும் பருத்தி, மக்காச்சோளம். உண்மையாகவே இரண்டு மயில் இருந்தன. மதி இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே தூறல் விழுந்தது. ஐந்து நிமிஷத்தில் பெருமழை. பத்து நிமிஷத்தில் பாதை பாதையாக இல்லை. கரிசல் மண் நனைந்தால் உங்களுக்குத் தெரியும், இங்கே உள்ளவர்களுக்கு எத்தனை சொன்னாலும் விளங்காது. டயருக்கும் அந்த விரல் நுழையாத மட்கார்டுக்கும் நடுவில் மண் ஏறி இறுகி, சக்கரம் சுற்றுவதையே நிறுத்திவிட்டது. மட்கார்டைக் கழற்றினோம். பிரேக்கில் அடைத்தது. குச்சியால் குத்தி எடுத்தோம். நாலடி போவதற்குள் மறுபடி அடைத்தது. ஒவ்வொரு காலிலும் மண் அப்பி இரண்டு பேரும் அரையடி உயரமாகிவிட்டோம். மதி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு உதடு நடுங்கத் தொடங்கியது.

ஓடையில் தண்ணீர் சத்தம் கேட்டது. அதைத் தாண்டித்தான் ரோட்டுக்கு ஏற வேண்டும், தாண்ட முடியாது. வந்த வழியும் சேறு. மிச்சம் இருந்தது ஒரே திசை. அந்தத் தண்ணீர்த் தொட்டியின் திசை.

"அங்க ஒரு ஊரு இருக்குல்லப்பா. அங்க போலாம்" என்றாள் மதி. ஏன் இத்தனை நேரம் அதைச் சொல்லவில்லை என்று என்னைப் பார்த்தாள். என் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டேன். தன்னுடையதை அவள் தள்ள முயன்று, முடியாமல் தூக்கினாள். நல்லவேளை, கனம் குறைவு.

6

ஊருக்கு ரோட்டு வழியாக வருகிறவனை யாரும் பார்ப்பதில்லை. நாங்கள் காட்டு வழியாக, பின்பக்கமாக வந்தோம். தலையில் ஹெல்மெட், உச்சி முதல் பாதம் வரை கறுப்பு மண். கடைசி வீட்டுக்குப் பின்னால் ஒரு பெண் உளுந்துச் செடிக் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பாயை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற சின்னக் குழந்தையை வாரியெடுத்து உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு குரல் கொடுத்தாள்.

"ஏலே, யாரோ வாராங்கலே!"

ஐந்து பேர் வந்தார்கள். முன்னால் வந்த பெரியவர் கையில் மண்வெட்டி. எனக்கு மறுபடி அந்த பஸ்ஸுக்குள் நிற்பதுபோல இருந்தது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு மதியை எனக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"யாரு? எங்கன இருந்து வாரீய?"

மதி ஹெல்மெட்டைக் கழற்றி, என் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். முதல் எழுத்து வெளியே வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்து நெரித்தேன். வலித்திருக்கும்.

"தூத்துக்குடி அண்ணாச்சி" என்றேன். "டவுன்தான். துறைமுகத்துல வேல. இது மக."

"தூத்துக்குடிக்காரருக்கு காட்டுக்குள்ள என்ன சோலி?"

"வழி தப்பிட்டோம்."

"அப்பா பேரு?"

என் பழைய தொழிற்சாலையில் டைம் ஆபீசில் இருந்தவர் பெயரைச் சொன்னேன். எங்கும் செல்லுபடியாகிற பெயர். என் கைக்குள் மதியின் கை அசையாமல் கிடந்தது. அவள் தாத்தா படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வருஷா வருஷம் அவர் இறந்த நாளன்று அவள்தான் பூ வைப்பாள்.

பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் அந்தப் பெண் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டாள். "பிள்ள வெடவெடன்னு நடுங்குது. நீங்க நின்னு விசாரண பண்ணுதீங்க. உள்ள வாட்டி" என்று மதியை இழுத்துக்கொண்டு போனாள்.

பிறகு நடந்ததையெல்லாம் என்ன எழுத. மதிக்கு உலர்ந்த சேலை ஒன்றைச் சுற்றிவிட்டு, கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். இரண்டு பையன்கள் களைக்கொத்தியால் சக்கரத்து மண்ணைச் சுரண்டி, குழாயடியில் வைத்துக் கழுவினார்கள். "மழைக்கு எவனாவது கரிசல்ல வண்டிய இறக்குவானா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எந்த நிமிஷம் யார் என்னை அடையாளம் கண்டுகொள்வார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை வெறித்ததும் பெரியவர் எங்களோடு தார்ரோடு வரை வந்தார். மதி அந்தப் பெண்ணோடு முன்னால் போய்விட்டாள். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தம்பி, நீங்க தூத்துக்குடி இல்ல. பேச்சுலயே தெரிஞ்சு போச்சு. பிள்ள முன்னால வேண்டாம்னுதான் தோண்டிக் கேக்கல."

நின்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பயப்படாதீங்க. நாங்களும் வெளியூரு போனா ஊர்ப் பேர மாத்தித்தான் சொல்லுதோம். ஆனா இனிமே அந்தக் காட்டு வழியா வராதீங்க. கலவரத்தன்னைக்கு அவிய எல்லாம் அந்த வழியாத்தான் வந்தாங்க. இன்னைக்கு உங்களப் பாத்ததும் மண்வெட்டிய எடுத்துட்டேனே ஒழிய, எனக்குக் கால் ஓடல."

அவிய என்று அவர் சொன்னது எங்கள் ஊர்க்காரர்களை. நானும் அந்த ஊர்க்காரன் என்று தெரிந்துதான் சொன்னாரோ என்னவோ. கும்பிட்டுவிட்டு சைக்கிளில் ஏறினேன்.

7

ஓட்டப்பிடாரம் வரை மதி முன்னால் மிதித்துக்கொண்டே போனாள். அங்கே ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"தாத்தா பேர ஏன் மாத்திச் சொன்னீங்க?"

"சும்மாதான் பாப்பா."

"நம்ம ஊரச் சொல்லியிருந்தா அவங்க என்ன பண்ணியிருப்பாங்க?"

"ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாங்க."

"அப்புறம் ஏன்?"

அவள் கையில் என் விரல் பதிந்த சிவப்பு இன்னும் இருந்தது. அதற்கு மேல் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸைச் சொன்னேன். முன் சீட்டுக்காரரைச் சொன்னேன். எங்கள் ஊர் எது, அவர்கள் ஊர் எது, நடுவில் என்ன நடந்தது என்பதையும் எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். வரைபடத்தில் என் பேனாக் கோடு எதற்கு என்றும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், கோபப்படுவாள் என்று நினைத்தேன். "அந்த அத்தை நல்லவங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். தண்ணீர்ப் புட்டியை மூடிவிட்டு, "அவங்களும் பயந்தாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

தூத்துக்குடிக்குப் போய் சாந்திக்கு போன் போட்டால், பிள்ளை பத்திரமா என்றுதான் முதலில் கேட்பாள், பத்திரம் என்று சொல்லிவிடலாம் என்று யோசித்துக்கொண்டே மிதித்தேன். பயம் விட்டுவிட்டது என்றுகூட நினைத்தேன். இனி என்ன, எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது, கோடும் ரோடும் ஒன்றாகிவிட்டது, மீதி வழி முழுக்கத் தார்.

புதியம்புத்தூருக்குள் நுழையும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. தெருவுக்குத் தெரு தையல் மிஷின் சத்தம். ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். பக்கத்துத் தையல் கூடத்திலிருந்து டீ வாங்க வந்த ஒரு பெண், கழுத்தில் அளவு நாடா தொங்க, எங்கள் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மெல்லிய டயரை அமுக்கிப் பார்த்தாள். மதியின் மண் படிந்த காலைப் பார்த்து, "எங்கன போயி விழுந்த?" என்று சிரித்தாள். மதியும் சிரித்தாள்.

"எந்த ஊரு பாப்பா?"

மதி வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றது. முதலில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், நிதானமாக. பிறகு தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள், எதைச் சொல்லட்டும் என்று.